கீரிமலைக் கேணியும் விஞ்ஞானத் தமிழும்

ஆடி அமாவாசையன்று கீரிமலைக்குச் செல்வோர் பிதிர்க்கடன் முடித்துக் கடலிலே மூழ்கிப் பின்னர்க் கேணியிலே நீராடி மீள்வது வழக்கம். கடலுக்கும் கேணிக்கும் இடையே நிற்பது ஒரு கட்டுச்சுவரே. அப்பால் அலையெறியும் உவர்நீர். இப்பால் பாறை வெடிப்புகளினூடாக ஊறிவரும் குளிர்ந்த நன்னீர். ஒரு நாழிகைக்குள் இரு நீரையும் வாயிலே பட்டறிந்த சிறுவன் ஒருவன், “கடலுக்குப் பக்கத்திலே இது ஏன் உப்பாயில்லை?” என்று வினவுவானாயின், அவனுக்குக் கிடைக்கக்கூடிய விடைகள் மூன்று. கீரிமுகம் நீங்கப்பெற்ற நகுல முனிவரையும் குதிரைமுகம் நீங்கப்பெற்ற மாருதப்புரவீகவல்லியையும் சொல்லித் தீர்த்தத்தின் மகிமையை உரைப்பர் முதியோர். கடல்நீர் பாறையிலும் மணலிலும் வடிகட்டப்பட்டு நன்னீராகின்றது என்பர் வேறு சிலர். புத்தூர் நிலாவரைக் கிணற்றிலே இட்ட எலுமிச்சங்காய் கீரிமலையில் வந்து மிதக்கும் என்று நிலத்தடி வழியொன்றைக் காட்டுவர் இன்னுஞ் சிலர்.

நான்காவது விடை ஒன்று உண்டு. அது சில ஆண்டுகள் கழித்து அச்சிறுவன் கையிலே வரும் விஞ்ஞானப் பாடநூலில், அடர்த்தி என்னும் தலைப்பின்கீழ் இருக்கின்றது. ஆனால், தான் கீரிமலையிற் கேட்ட வினாவுக்கு விடை அதுதான் என்பதை அவன் அங்கே கண்டுகொள்வதில்லை. அலகுக் கனவளவின் திணிவே அடர்த்தி என்று மனனஞ் செய்து, வகுத்தற் கணக்கு இரண்டைச் செய்து, பரீட்சையிற் புள்ளியும் பெறுகின்றான். கேணி கேணியாகவே இருக்கின்றது. பாடம் பாடமாகவே இருக்கின்றது. யாழ்ப்பாணத்திலே விஞ்ஞானம் தமிழிற் கற்பிக்கப்படத் தொடங்கி ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகியும் இவ்விரண்டும் ஏன் கூடவில்லை என்பது ஆராய்தற்குரியது.

இம்முயற்சிக்கு முதல்வர் என்று கூறத்தக்கவர் அமெரிக்க மிஷன் வைத்தியராகிய சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அவர், 1848 முதல் மாணாக்கரைச் சேர்த்து மேலைநாட்டு வைத்தியம் கற்பித்தார். தொடக்கத்தில் ஆங்கிலத்தில் நடைபெற்ற அக்கல்வி 1860களில் தமிழுக்கு மாறியது. கற்றர் என்பாரின் உடல்நூலைத் தழுவி அங்காதிபாதம், சுகரணவாதம், உற்பாலனம் என்னும் மூன்றையும் கூறும் நூல் 1850களிலே வெளிவந்தது. 1867இல் இரணவைத்தியம், 1872இல் மனுஷ அங்காதிபாதம், 1875இல் கெமிஸ்தம், 1883இல் மனுஷ சுகரணம் எனப் பெருநூல்கள் தொடர்ந்தன. இலண்டனில் 1858இல் முதன்முதல் வெளிவந்த கிரே என்பாரின் உடலமைப்பு நூல் பதினான்கு ஆண்டுகளுள் தமிழுருப் பெற்றது என்பது, இன்று தமிழில் விஞ்ஞானம் இயலுமோ என்று ஐயுறுவோர் எண்ணிப் பார்த்தற்குரிய செய்தி. 1873இல் தாயகம் மீண்ட பின்னரும் அவர் இப்பணியைக் கைவிடவில்லை. மனுஷ சுகரணம் வெளிவந்த அடுத்த ஆண்டில் மறைந்தார்.

அவர் ஆண்ட சொற்களை நோக்கின் அவற்றுள் ஒரு முறைமை புலனாகும். முதலில் தமிழிலும் தமிழ் வைத்திய நூல் வழக்கிலும் சொல் தேடுதல். அங்கே இல்லையேல் வடமொழியை நாடுதல். அதுவும் உதவாதவிடத்து ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கு இணக்கி எடுத்துக்கொள்ளுதல். ‘அங்காதிபாதம்’ என்ற சொல்லைக் கேட்ட அக்காலத் தமிழ் மாணாக்கனுக்குக் கேசாதிபாதம், பாதாதிகேசம் என்னும் இலக்கிய மரபு நினைவுக்கு வந்திருத்தல் வேண்டும். தலைவனையோ தெய்வத்தையோ முடிமுதல் அடிவரை பாடும் கண்ணே, இங்கே எலும்பையும் நரம்பையும் வரிசையாகக் காணுமாறு அழைக்கப்படுகின்றது. பெயரிலேயே பாடம் தொடங்கிவிடுகின்றது எனலாம். இதற்கு நேர்மாறானது ‘கெமிஸ்தம்’. இரசாயனம் என்ற பழஞ்சொல் காயகற்பத்தையும் இரசவாதத்தையும் நினைப்பூட்டும். அம்மயக்கத்தை விலக்க எண்ணியே போலும், ஆங்கிலச் சொல்லுக்கு ‘அம்’ விகுதி சேர்த்து ஒரு புதுப்பெயர் ஆக்கினர். மயக்கம் விலகியது உண்மை. ஆயினும் அச்சொல் எதனையும் சுட்டாமல் வெறும் பெயராய் நின்றது. அது வழக்கொழிந்தமைக்கு அதுவே காரணமாகலாம்.

சொல்லாக்கத்திற் காட்டிய இந்நுட்பம் விளக்கத்திலும் காட்டப்பட்டதா என்று கேட்பின், முழுமையாக ஆம் எனல் இயலாது. அவை மொழிபெயர்ப்புகள். இங்கிலாந்திலும் புதிய இங்கிலாந்து மாநிலங்களிலும் வாழும் மாணாக்கரை நோக்கி எழுதப்பட்ட நூல்களின் வரிசையும் வாதமும் அவற்றினுள்ளே இருந்தன. வைத்திய மாணாக்கருக்கு இது பெருங்குறையன்று. மனித உடல் மானிப்பாயிலும் மசச்சூசெற்சிலும் ஒன்றே. நோயாளியும் கண்முன் இருந்தான். பாடசாலை மாணாக்கனின் நிலை அவ்வாறன்று. அவனுக்கு நூலே ஆய்வுகூடம்.

பின்வந்த காலம் சொல்லின்மேலேயே தன் கருத்தையெல்லாம் செலுத்தியது. 1916இல் சேலத்தில் இராசாசி முதலியோர் பரிபாஷைச் சங்கம் கண்டதும், சென்னையிற் பின்னர் எழுந்த கலைச்சொல் முயற்சிகளும், இலங்கையிற் சுயமொழிக் கல்வி மேல்வகுப்புகளுக்கு ஏறிய 1950களிலும் 1960களிலும் அரசகருமமொழித் திணைக்களம் துறைதோறும் வெளியிட்ட சொற்றொகுதிகளும் இவ்வகையின. அவ்வுழைப்பு எளிதில் மதிப்பிடற்கரியது. எனினும் பாக்கு நீரிணையின் இருகரையும் தனித்தனியே உழைத்தமையால் விளைந்த நிலை விந்தையானது. இக்கரையில் கலம், அக்கரையில் செல். இக்கரையில் ஒளித்தொகுப்பு, அக்கரையில் ஒளிச்சேர்க்கை. இங்கு அமுக்கம், ஆர்முடுகல். அங்கு அழுத்தம், முடுக்கம். பௌதிகவியல் கடலைக் கடந்தவுடன் இயற்பியலாகின்றது. இவற்றாற் பெருந்தீங்கில்லை. ஆனால் ‘வேகம்’ என்னும் ஒரு சொல்லைப் பாருங்கள். இலங்கை மாணாக்கனுக்கு அது திசையோடு கூடியது, திசையற்றது கதி. தமிழ்நாட்டு மாணாக்கனுக்குத் திசையற்றதே வேகம். திசையோடு கூடியது திசைவேகம். ஒரே சொல், ஒரே மொழி, இரண்டு பொருள்! அக்கரை நூலை இக்கரை மாணாக்கன் படித்தால் பிழையைக் கற்பதற்கு அச்சொல்லே போதும்.

சொல்லைப் பற்றிய வாதம் முடிவுறாது நீண்டமையால், சொல் கிடைத்துவிட்டாற் கருத்தும் விளங்கிவிட்டது என்ற எண்ணம் பாடநூலாக்கத்தில் மெல்லப் புகுந்தது. வரைவிலக்கணம் ஒன்று, அதன் கீழ்ச் சமன்பாடு, அதன் கீழ்ப் பயிற்சி. ‘எனப்படும்’ என்று முடியும் வாக்கியங்கள் பெருகின. ‘ஏனெனில்’ என்று தொடங்கும் வாக்கியங்கள் அருகின. இவ்வழியில் நில்லாதோரும் இருந்தனர். வழக்கறிஞராயிருந்து 1917 முதல் பல்லாண்டு காலம் விஞ்ஞானக் கட்டுரைகள் எழுதிய பெ. நா. அப்புஸ்வாமியும், ‘திண்ணை ரசாயனம்’ என்று தம் நூலுக்குப் பெயரிட்ட இராசாசியும் விளக்கத்தையே முதன்மையாகக் கொண்டனர். திண்ணை என்ற ஒரு சொல்லால் வகுப்பறை எதுவென்று இராசாசி முடிவு செய்துவிட்டார். ஆயின் அவர்கள் எழுதியது பொதுவாசகருக்கு; பரீட்சைக்குப் படிக்கும் மாணாக்கன் கையில் இருந்தது வேறு நூல்.

விளக்கம் என்பது யாது என்று காட்டுதற்குக் கீரிமலையே தக்க இடம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடித்தளம் சுண்ணாம்புக்கல். வெடிப்பும் குகையும் மலிந்த அக்கல் மழைநீரை உட்கொள்ளும். உட்புகுந்த நன்னீர் நிலத்தின்கீழே ஏற்கனவே பரந்துள்ள கடல்நீரின்மேல் மிதக்கின்றது. மரக்கட்டை நீரில் மிதப்பதற்கும் இதற்கும் காரணம் ஒன்றே. நன்னீரின் அடர்த்தியை 1.000 எனக் கொண்டால் கடல்நீரின் அடர்த்தி ஏறத்தாழ 1.025. ஆகவே 40 அடி உயரமான கடல்நீர் நிரலைச் சமன்செய்ய 41 அடி உயரமான நன்னீர் நிரல் வேண்டும். நாற்பதை 1.025ஆற் பெருக்கினால் நாற்பத்தொன்று வருவதை எம்மாணாக்கனும் பார்த்துக்கொள்ளலாம். இதன் பொருள் யாது? கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே நாற்பது அடிக்கு நன்னீர் இருக்கும். நடுவிலே தடித்தும் கரையோரத்திலே மெலிந்தும் இருக்கும் இந்நன்னீர்த் திரள் வில்லை போன்ற வடிவினது. மழை மேலும் மேலும் ஊட்ட, மிகையான நீர் கரையை நோக்கி நகர்ந்து, கல்லின் வெடிப்பு கண்டவிடத்து வெளிப்படும். அவ்வாறு வெளிப்படும் வாய்களுள் ஒன்றே கீரிமலை ஊற்று.

இத்தொடர்பை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்து நாட்டுக் கைபன் என்பாரும் 1901இல் ஜேர்மனிய நாட்டு ஹெர்ஸ்பேர்க் என்பாரும் தத்தம் நாட்டுக் கடற்கரை மணல்களிற் கண்டெழுதினர். இது அசையா நீருக்கும் கூரிய எல்லைக்கும் பொருந்தும் கணக்கு. உண்மையில் இருநீரும் கலந்த வலயமொன்று இடையே உண்டு. வெடிப்பு மலிந்த சுண்ணாம்புக்கல்லில் அது ஓரிடத்திருந்தாற்போல் ஓரிடத்தில் இராது. மேலே நன்னீரும் ஆழத்தே உவர்நீருமாக நிற்கும் நிலாவரைக் கிணறு இதற்குக் கண்கண்ட சான்று. எலுமிச்சங்காய்க் கதையும் முழுக்க எள்ளத்தக்கதன்று. சுண்ணாம்புக்கல்லில் நிலத்தடி வழிகள் உண்டு என்னும் உண்மையின் நிழல் அதிலே உள்ளது.

முதியோர் சொல்லும் தீர்த்த வரலாற்றோடு விஞ்ஞான ஆசிரியன் வழக்காட வேண்டியதில்லை. அவ்வரலாறு ஊற்றின் அருமையைக் கூறுவது. அடர்த்தியைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. ஆசிரியன் எதிர்நின்று மறுக்க வேண்டியது இரண்டாவது விடையை. கடல்நீர் மணலில் வடிகட்டப்படுகின்றது என்னும் கூற்றே விஞ்ஞானத்தின் வேடம் பூண்டு வருவது. அதனை மறுத்தற்கு ஒரு போத்தலும் சிறிது மணலும் போதும். கலங்கிய நீரை மணலினூடாக ஊற்றினால் தெளிந்து வரும்; உப்பு நீரை ஊற்றினால் உப்பாகவே வரும். தொங்கி நிற்பது வேறு. கரைந்து நிற்பது வேறு. இவ்வேறுபாட்டைப் பாடநூல் ‘தொங்கல்’ என்றும் ‘கரைசல்’ என்றும் இரு தலைப்புகளிற் கூறிச் செல்கின்றது. ஆனால் மாணாக்கன் மனத்திலே முன்னமே குடிகொண்டிருக்கும் பிழைக் கருத்தோடு அதனை மோதவிடுவதில்லை. பிழை அங்கேயே இருக்கின்றது. அதன்மேல் வரைவிலக்கணம் பூசப்படுகின்றது.

இப்பிழை தீங்கற்றதன்று. நிலம் எல்லாவற்றையும் வடிகட்டித் தூய்மை செய்யும் என்று நம்புவோன், மலக்குழியைக் கிணற்றுக்கு அண்மையில் வெட்ட அஞ்சான். தோட்டத்துக்கு அளவுக்கு மிஞ்சி யூரியா இட்டு நீர் பாய்ச்சவும் தயங்கான். யூரியாவினின்றும் மலக்கழிவினின்றும் உண்டாகும் நைத்திரேற்று உப்பைப் போலவே நீரிற் கரைவது. செம்மண்ணும் வெடித்த கல்லும் அதனைத் தடுப்பதில்லை. 1980கள் முதல் நடந்த ஆய்வுகள், குடாநாட்டின் தோட்டப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்றின் செறிவு உலக சுகாதார நிறுவனம் விதித்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்னும் எல்லையைக் கடந்திருத்தலைக் காட்டியுள்ளன. அந்நீரிற் பால்மாக் கரைத்து ஊட்டப்படும் கைக்குழந்தையின் ஈமோகுளோபின் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழக்கலாம்; உடல் நீலம் பாரிக்கலாம். பௌதிகமும் இரசாயனமும் உயிரியலும் இங்கே ஒரு கிணற்றிலே கூடுகின்றன. பாடநூலில் அவை மூன்று அதிகாரங்கள். சிலபோது மூன்று ஆசிரியர்கள்.

துலாவின் வரலாறும் இதனோடு ஒட்டியது. நெம்பு என்னும் பாடத்துக்குக் கடப்பாரையும் பாக்குவெட்டியும் காட்டப்படுகின்றன, அவை குற்றமற்றவை. ஆனால் துலாவின்மேல் ஏறி முன்னும் பின்னும் நடந்து, தன் உடற்பாரத்தாலேயே நீரை மேலெழச் செய்த வலிகாமத்து உழவனைவிடத் திருப்புதிறனை விளக்கவல்ல உதாரணம் உலகிலே அரிது. அத்துலா ஆற்றலில் மட்டானது. ஊறும் நீரளவே அது இறைத்தது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து எந்திரப் பம்பு அதன் இடத்தைப் பிடித்தது. இறைப்பு மிகுந்து நன்னீர் மட்டம் ஓரடி தாழுமாயின், சமநிலையில் உவர்நீர் எல்லை நாற்பது அடி மேலேறும் என்பது மேற்சொன்ன கணக்கே. ஒன்றுக்கு நாற்பது! வட்டிக்காரனும் கூசும் இவ்விகிதத்தைத் தோட்டக்காரன் மகன் பத்தாம் வகுப்பில் அறிந்திருப்பானேல், அது வெறும் புள்ளிக்குரிய அறிவன்று.

உவர்நீர் பாய்ந்த வெங்காயத் தறையிற் பயிர் ஏன் வாடுகின்றது? வேரைச் சுற்றி நீர் நிற்கவும் செடி தாகத்தால் மடிகின்றது. இதன் விடை ‘பிரசாரணம்’ என்னும் பாடத்திலே உள்ளது. தேர்ந்து புகவிடும் மென்சவ்வினூடாகச் செறிவு குறைந்த கரைசலிலிருந்து செறிவு கூடிய கரைசலுக்கு நீர் செல்லும் என்று அங்கே படிக்கின்றான். அக்கரையார் ஆளும் ‘சவ்வூடு பரவல்’ செயலையே பெயராக்கி நிற்பதால் மேலானது என்று ஒப்புக்கொள்ளுதலே நேர்மை. எனினும் எப்பெயராயினும், வெட்டிய மாங்காயில் உப்பைத் தூவிச் சற்று நேரம் வைத்தால் நீர் கசிந்து நிற்பதைத் தாயின் அடுக்களையிற் கண்டவனுக்கு ஒரு வாக்கியம் போதும்: மாங்காய்க்குச் சட்டியில் நேர்வதே வெங்காயத்துக்குத் தறையில் நேர்கின்றது. அவ்வாக்கியத்தை எழுதாமல் புனலும் பன்றியின் சலப்பையும் வரைந்து காட்டும் நூல், எளியதை அரியதாக்குகின்றது.

வித்து முளைத்தல் பற்றிய பாடத்தில் இக்குறை இன்னும் வெளிப்படை. அவரையும் சோளமும் படமாக வரையப்படும். அவை முளைப்பதையும் மாணாக்கன் கண்டிருப்பான் எனலாம். ஆனால் பனங்கொட்டையைப் பாத்தியிலிட்டுக் கிழங்கு பிடுங்கும் நாட்டிலே, பனை முளைத்தல் பாடமாகாதது வியப்பே. முளை கொட்டையிலிருந்து நேரே மேலெழுவதில்லை. வித்திலையின் காம்பு நீண்டு கருவை மண்ணுக்குள்ளே ஆழக் கொண்டுசெல்கின்றது. கொட்டைக்குள்ளே தங்கிய வித்திலையின் நுனி பஞ்சுபோற் பருத்து, வித்தகவிழையத்தை உறிஞ்சிக் கீழே அனுப்புகின்றது. பிள்ளைகள் கொட்டையைப் பிளந்து தின்னும் பூரான் அதுவே. அனுப்பிய உணவு மாப்பொருளாகத் திரண்ட இடமே கிழங்கு. ஒரு வித்திலைத் தாவரத்தின் வித்திலை யாது என்ற வினாவுக்கு, ‘தின்றோமே, அதுதான்’ என்று விடையிறுக்கக்கூடிய மாணாக்கர் இங்கே உளர். அவர்களுக்குச் சோளத்தின் குறுக்குவெட்டே காட்டப்படுகின்றது.

இதற்கு மறுப்பும் உண்டு. விஞ்ஞானம் ஓரூருக்கு உரியதன்று. கீரிமலையைக் கொண்டே எல்லாம் விளக்கப் புகின் மாணாக்கன் கிணற்றுத் தவளையாவான் என்பர். பனிமலையின் பெரும்பகுதி கடலுள் மறைந்திருப்பதும் அவன் அறியவேண்டியதே. இம்மறுப்பில் உண்மை உண்டு. ஊர்ப்பெயரைச் செருகுவது மட்டும் விளக்கமாகாது என்பதும் உண்மை. அப்பிளுக்குப் பதில் மாம்பழம் என்றும், இலண்டனுக்குப் பதில் சுன்னாகம் என்றும் கணக்கை மாற்றிவிட்டு உள்ளூர் மயமாக்கியதாக மகிழும் நூல்கள் பல. அங்கே மாம்பழம் எதனையும் விளக்குவதில்லை, எண்ணப்படுவதோடு சரி. கேணியை எடுத்துக்கொள்ளச் சொல்வது அது தமிழூர்க் கேணி என்பதற்காக அன்று. அடர்த்தி, மிதப்பு, அமுக்கம், கரைசல் ஆகிய நான்கும் ஒருங்கே தொழிற்படுவதை அது காட்டுகின்றது என்பதற்காக. பனிமலையைக் கண்டிராத மாணாக்கன், நன்னீர் உவர்நீரின்மேல் மிதப்பதை உணர்ந்தபின் பனிமலைக்குச் செல்வானாயின், அப்பனிமலையும் அவனுக்கு உரியதாகும்.

பாடநூலின் கடமையை மிகுவித்த மற்றொரு காரணமும் குறிக்கத்தக்கது. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர்; அப்பகுதி உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. பல ஆண்டுகள் கீரிமலைக்குத் தடையின்றிச் செல்லுதல் இயலாதிருந்தது. ஆடி அமாவாசைக்குத் தந்தையோடு சென்று இரு நீரையும் சுவைத்தறியும் பேறு அத்தலைமுறைச் சிறுவர் பலருக்கு வாய்க்கவில்லை. அவர்கள் அகதிகளாய்ப் படித்த கொட்டில்களிலும் பாடநூல் இருந்தது. அடர்த்தி என்ற தலைப்பும் இருந்தது. சுவரின் இப்பாலும் அப்பாலும் என்ன நிகழ்கின்றது என்று கூறும் ஒரு பக்கம் அந்நூலில் இருந்திருப்பின், காணாத கேணியையாவது அவர்கள் அறிந்திருப்பர்.

அப்பக்கத்தை எழுதுதற்கு வேண்டிய சொற்கள் யாவும் இன்று தமிழில் உள. கிறீனுக்கு இருந்த இடர் இன்றைய ஆசிரியனுக்கு இல்லை. இனி வேண்டுவது ஒரு வளைந்த கண்ணாடிக் குழாய், ஒரு பிடி உப்பு, சிறிது சாயம். உப்பு நீரைக் குழாயின் அடியில் நிரப்பிச் சாயமிட்ட நன்னீரை ஒரு புயத்தில் மெதுவாக ஊற்றி, இரு புயங்களின் மட்டங்களும் ஏன் ஒத்து நிற்கவில்லை என்று வகுப்பைக் கேட்கலாம். யாரேனும் ஒருவன் கீரிமலையைச் சொல்லும்வரை விடையைக் கூறாதிருத்தலும் ஆசிரியனுக்கு இயலும்.